பழகுற அறையிலயே பாட்டை ரெக்கோர்ட் பண்ணலாமோ?

கிளிநொச்சியில நாங்கள் ஒத்திகை பாக்கிற அறையிலயே ரெக்கோர்டிங் செய்தா சரிவருமோ எண்டு கேட்டிருந்தியள். தாராளமா வரும், த டோர்ஸ் எண்ட அமெரிக்க பாண்ட் 1970 கடைசியில செய்தது அதைத்தான். அவையின்ர தயாரிப்பாளர் போல் ரொத்சைல்ட் புதுப்பாட்டுகள் பிடிக்காமல் விலகிப்போட்டார், உடன இவை எஞ்சினியர் புரூஸ் பொட்னிக்கோட சேந்து லொஸ் ஏஞ்சல்ஸில தங்கட ஒபிசுக்குக் கீழ கிடந்த ஒத்திகை இடத்திலயே வாசிக்க, மேல ரெக்கோர்டிங் மெசினைப் பூட்டி எட்டு ட்ராக்கில, அதாவது எட்டுத் தனித்தனி வரிசையில, பதிஞ்சினம். அவையின்ர பாடகர் ஜிம் மொரிசன் பாடினது பாத்ரூமுக்குள்ள நிண்டு! சிரிக்காதேங்கோ, வழுவழுப்பான சுவர் சத்தத்தைத் திருப்பி அனுப்புமெல்லே, குரலுக்கு எதிரொலி சும்மா கிடைக்கும். 1971 ஏப்ரலில அல்பம் வந்துது, ஜூலையில மனுசன் செத்துப்போனார்.

எங்கட பக்கம் கரைச்சல் தகரக் கூரைதான். மழை பெஞ்சா எல்லாம் முடிஞ்சுது, வெயில் ஏறினாலும் டக்கு டக்கெண்டு சத்தம் போடும், அதால மாரியை விட்டிட்டு இரவில செய்யுங்கோ, ஃபேனை நிப்பாட்டுங்கோ, மூலையளில பழைய மெத்தையைச் சாத்தி சுவரில போர்வையளைத் தொங்கவிட்டா ட்ரம்ஸ் முழங்கிறது அடங்கும். பாடுற ஆளை மட்டும் பாத்ரூமுக்கு அனுப்பிப் பாருங்கோ, பைப் சொட்டாமல் இருந்தாச் சரி.