தர்ம ஸ்தாபனம் என்றால் தொழில் நியாய சபைக்குப் போக முடியாதா?

கேள்வி: களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு சங்கம் நடத்தும் முதியோர் இல்லத்தில் ஒன்பது வருடம் சமையல் வேலை செய்தேன். நாலு மாதத்துக்கு முன் "இனி வரவேண்டாம்" என்று வாயால் சொல்லி நிறுத்திவிட்டார்கள். "இது கைத்தொழில் இல்லை, தர்ம ஸ்தாபனம். நீங்கள் தொண்டர், வழக்குப் போட ஏலாது" என்கிறார்கள். இந்தியத் தீர்ப்பு ஒன்று எனக்குச் சாதகம் என்கிறான் மகன்.

பதில்: மகன் சொல்வது 1978இல் இந்திய உச்ச நீதிமன்றம் பெங்களூர் குடிநீர் வழங்கல் சபை வழக்கில் கொடுத்த தீர்ப்பாக இருக்கும். வேலை ஒழுங்குமுறையாக நடக்கிறதா, முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து இயங்குகிறார்களா, மக்களுக்குப் பொருளோ சேவையோ கிடைக்கிறதா என்று பார்த்து, இம்மூன்றும் இருந்தால் இலாப நோக்கம் இல்லாவிட்டாலும் அது தொழில்தான் என்றது. நல்ல தீர்ப்பு, ஆனால் இலங்கையில் வேலை நீக்க வழக்குகளை விசாரிக்கும் நமது தொழில் நியாய சபையை அது கட்டுப்படுத்தாது. உங்களுக்கு அது தேவையும் இல்லை.

நமது 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் தொழிலாளி யார் என்பதை மிக விரிவாகச் சொல்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டியதில்லை, வாய்ப்பேச்சும் போதும். வேலை நீக்கப்பட்டவரும் அதில் அடங்குவார். அரசாங்க ஊழியருக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தாது; தர்ம ஸ்தாபனத்துக்கு அப்படி விலக்கு இல்லை.

ஆகவே சண்டை "தொண்டர்" என்ற சொல்லில்தான் வரும். மாதாமாதம் வவுச்சரில் "கொடுப்பனவு" என்று எழுதிக் கையொப்பம் வாங்கியிருப்பார்கள். பெயர் எதுவானாலும், யார் நேரம் குறித்தது, லீவுக்கு யாரிடம் கேட்டீர்கள், ஒரு நாள் வராவிட்டால் காசு வெட்டினார்களா என்பதைச் சபை பார்க்கும். வவுச்சர் பிரதி, வட்ஸ்அப்பில் வந்த டியூட்டி அட்டவணை எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

எனக்குக் கவலை வாயால் நிறுத்தியதுதான். நீக்கியதை ஒப்புக்கொண்டால் காரணத்தை அவர்கள் நிரூபிக்க வேண்டும். "அவவாகவே நின்றுவிட்டா" என்றால் நீக்கியதை நீங்கள் நிரூபிக்க வேண்டிவரும். நாளைக்கே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள்: இன்ன திகதியில் இன்னார் நிறுத்தினார், வேலைக்கு வர நான் தயார் என்று. பற்றுச்சீட்டைத் தொலைக்க வேண்டாம்.

பணிக்கொடையும், அதாவது வேலை செய்த வருடங்களுக்காக வேலை முடியும்போது கிடைக்கும் தொகையும் கேளுங்கள். பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடமென்றால் 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதாவது உங்களுக்கு நாலரை மாதச் சம்பளம். ஆட்கள் அதற்குக் குறைவென்றால் நியாய சபைக்குப் போடும் அதே விண்ணப்பத்திலேயே கேட்கலாம்.

கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவின் கீழ் நியாய சபைக்கு விண்ணப்பிக்க நீக்கிய நாளிலிருந்து ஆறு மாதம்தான். சங்கத் தலைவருக்குக் கடிதம் எழுதிக் காத்திருப்பதால் அந்தக் காலம் நீளாது. இரண்டு மாதம் மிச்சம் இருக்கிறது. சட்டத்தரணி பிடிக்க வசதியில்லை என்றால் நீங்களே விண்ணப்பிக்கலாம், அங்கத்தவராக இருந்தால் தொழிற்சங்கம் ஊடாகவும் போகலாம்.