எலிக்கணக்கும் எழுத்துப்பிழையும்

கேள்வி: நான் செம்பனைத் தோட்டத்துல மண்டோர் (வேலைய மேப்பாக்குறவன்). எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தின பரீட்சை) படிக்கிற மக ஒரு ஜோடி எலிய வெச்சு கணக்கு போட்டு, கொஞ்ச வருசத்துல எஸ்டேட்டே எலியாதான் இருக்கணும்கிறா. அப்படி ஆகலையே? இன்னொண்ணு, முந்தி மருந்து வெச்சா சாகுற எலி இப்ப தின்னுட்டு தெம்பா ஓடுது. செல்லுக்குள்ளயே டிஎன்ஏ ரிப்பேர் நடக்குதாமே, அப்புறம் எப்படி எலி மாறுச்சு? மருந்தா மாத்திச்சு?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மக கணக்கு தப்பில்லைங்க ஐயா, பாதியிலயே நிறுத்திட்டா, அவ்வளவுதான். அவ போட்டது 1798ல இங்கிலாந்து அறிஞர் மால்தஸ் சொன்ன பெருக்கல் கணக்கு. 1838ல பெல்ஜியத்து கணக்கு நிபுணர் வெர்ஹுல்ஸ்ட் அதுல ஒரு பிரேக் வெச்சாரு, எடம் நிறைய நிறைய பெருகுற வேகம் கொறையும், தோட்டம் தாங்குற அளவு வந்ததும் நின்னுரும். இந்தக் கணக்குல ஒரு வில்லங்கம் என்னன்னா, எண்ணிக்கை தோட்டம் தாங்குற அளவுல பாதியா இருக்கறப்பதான் கூட்டம் ரொம்ப வேகமா ஏறும், அதனால மருந்து வெச்சு பாதிய கொன்னுட்டு சும்மா உக்காந்தா நாமளே எலிக்கு நல்ல நேரம் பாத்துக் குடுத்த மாதிரி.

ரிப்பேருக்கு வருவோம். எலிய விட பாக்டீரியால பாத்தா சுளுவா புரியும். ஈ.கோலைங்கிற குடல் பாக்டீரியாவுக்கு டிஎன்ஏல ஏறக்குறைய 4.6 மில்லியன் எழுத்து. ஒவ்வொரு தடவ ரெண்டா பிரியறப்பவும் அத்தனையும் காப்பி ஆகணும், காப்பி எடுக்கிற என்சைமே தப்ப பாத்து அழிச்சு எழுதும், அதையும் தாண்டி போன தப்ப இன்னொரு என்சைம் கூட்டம் தேடித் திருத்தும் (டிஎன்ஏ ரிப்பேர் எப்படியெல்லாம் நடக்குதுன்னு கண்டுபிடிச்ச லிண்டால், மோட்ரிச், சன்ஜார் மூணு பேருக்கும் 2015ல வேதியியல் நோபல்). எல்லாம் முடிஞ்சும் சுமாரா ஆயிரம் பிரிவுக்கு ஒரு தப்பு தங்கிருது. என்ன பெரிய தப்புன்னு தோணும், ஆனா நல்ல சூட்டுல, சாப்பாடு இருந்தா, 20 நிமிசத்துக்கு ஒரு தடவ ரெண்டாகும், 10 மணி நேரத்துல 30 தடவ, ஒண்ணு 1,073 மில்லியன் ஆயிரும், அப்ப தப்பு மட்டுமே ஒரு மில்லியனுக்கு மேல! கடைசியா திருத்துற அந்த என்சைம் கூட்டம் கெட்டுப்போன பாக்டீரியா ரகத்துல இது இன்னும் நூறு மடங்குக்கு மேல ஏறும்.

ரிப்பேர் எவ்வளவு நல்லா நடந்தாலும் கூட்டம் பெருசானா தப்பும் வரத்தான் செய்யும். பெரும்பாலானது ஒண்ணும் செய்யாது, சிலது கெடுக்கும், எப்பவோ ஒண்ணு மருந்துக்கு அசையாத மாதிரி அமைஞ்சிரும். மருந்து அத உண்டாக்கல, மத்ததையெல்லாம் கொன்னு இதுக்கு எடம் ஒழிச்சுக் குடுத்துச்சு. பாக்டீரியாவத் தாக்குற வைரஸ வெச்சு லூரியா, டெல்ப்ரூக்னு ரெண்டு விஞ்ஞானிங்க 1943லயே இத காட்டிட்டாங்க. வார்ஃபரின்ங்கிற எலி மருந்துக்கு சாகாத எலி ஸ்காட்லாந்துல 1958ல தெரிய வந்துச்சு, எந்த ஜீன்னு புடிக்க 2004 ஆச்சு. அதனால ஒரே மருந்த வருசக்கணக்கா வெக்காதீங்க.

கேள்வி: எலி புடிக்க ஆந்தைப் பெட்டி வெக்கலாம்னா, ஆந்தை கத்துனா வீட்டுக்கு ஆகாதுன்னு மாமியார் விடமாட்றாங்க.
— வாசகி, அதே ஊர்

பதில்: பெட்டிய லயத்துக்கிட்ட (வீட்டு வரிசைக்கிட்ட) வேணாம், தோட்டத்துக்குள்ள வெப்போம்னு அத்தைகிட்ட சொல்லிப் பாருங்கம்மா. மருந்து மாதிரி இல்ல, ஆந்தைக்கு எந்த ஜீனா இருந்தாலும் ஒண்ணுதான். ஆனா பெட்டி இருக்கற பக்கம் மருந்து வெக்க வேணாம்னு மண்டோர்கிட்ட சொல்லிருங்க, விஷம் தின்ன எலிய தின்னா ஆந்தையும் போயிரும்.