நுவார் லைட்டிங்: ஜன்னல் கோடு வருது, ஆனா கேரக்டர் வரல

பாஸ், நீங்க நுவார் (இருட்டும் நிழலும் தூக்கலா இருக்கற பழைய கிரைம் பட ஸ்டைல்) லைட்டிங்குக்காக பிளைண்ட்ஸ் (ஜன்னல்ல தொங்குற பட்டை பட்டையான திரை) முன்னாடி எல்இடி பேனல் வச்சு எடுத்தும் நிழல் மங்கலா, வெறும் டிசைன் மாதிரி இருக்குன்னு கேட்டிருந்தீங்க. மங்கலுக்குக் காரணம் பேனல்தான், அது அகலமான சாஃப்ட் லைட் (நிழலோட ஓரத்தை மங்கலாக்கற வெளிச்சம்), டிஃப்யூஷன் (வெளிச்சத்தைப் பரப்பற திரை) இல்லாத சின்ன லைட்டா எடுத்து பிளைண்ட்ஸ்ல இருந்து நல்லா தள்ளி வைங்க, நடிகரை பிளைண்ட்ஸ் பக்கம் கொண்டு வாங்க, ரூம்ல மத்த லைட் எல்லாத்தையும் அணைச்சிடுங்க, கோடு கத்தி மாதிரி விழும்.

ஆனா டிசைன் மாதிரி இருக்குன்னீங்களே, அது லைட் பிரச்சனை இல்ல. 1944ல வந்த டபுள் இண்டெம்னிட்டி பாருங்க, இன்சூரன்ஸ் விக்கற ஹீரோ வால்டர் நெஃப் ஹீரோயின் வீட்டு ஹாலுக்குள்ள வர்றப்போ கோடுகள் அவன் உடம்பு மேலயே விழுது, இன்னும் ஒரு தப்பும் பண்ணல, அதுக்குள்ள ஜெயில் கம்பி! கேமராமேன் ஜான் சைட்ஸ் வெயில் கீத்து தெரியணும்னு அலுமினியத் தூளை காத்துல பறக்க விட்டாராம் (நீங்க அதெல்லாம் பண்ணாதீங்க, சாம்பிராணி போதும்). உங்க ஷாட்ல கோடு சுவத்துல விழுந்தா அது சுவத்தோட கதை.

அப்புறம் எப்போ வெளிச்சம் வருதுங்கறதும் முக்கியம். தி தேர்ட் மேன்ல (1949) வில்லன் ஹாரி லைம் இருட்டு வாசல்ல நிக்கிறான், மேல யாரோ ஜன்னல் லைட்டைப் போட்டதும் முகம் தெரியுது, பயப்படாம சிரிக்கிறான் பாருங்க, அந்த ஒரு சிரிப்புலயே ஆளு எப்படிப்பட்டவன்னு புரிஞ்சிடும். உங்க ஹீரோ பொய் சொல்ற இடத்துல அவனே லைட்டை விட்டு ஒரு அடி பின்னால போகட்டும், எடுத்துட்டு இங்க போடுங்க பாப்போம்.