'சாட்டின் சில்க்' என்றால் பட்டா?

கேள்வி: அக்காவின் மகளுக்கு அடுத்த மாதம் சாமத்தியவீடு. பாவாடைத் துணி பார்க்கப் புறக்கோட்டைக்குப் போனேன். பளபளவென்று இருந்த ஒன்றை 'சாட்டின் சில்க்' என்று சொல்லி நல்ல விலை சொன்னார்கள். வெள்ளவத்தையில் அதே மாதிரித் துணியைக் காட்டி, 'இது பட்டு இல்லை, சாட்டின்' என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: வெள்ளவத்தைக்காரரை நம்பலாம், ஆனால் அவர் சொன்னதும் பாதிதான். பட்டு என்பது நூல். சாட்டின் என்பது நெசவு. பட்டு நூலிலும் சாட்டின் நெய்யலாம், பொலியெஸ்டரிலும் நெய்யலாம். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் பொலியெஸ்டர்தான்.

சாட்டின் நெசவில் பாவு நூல் (நீளவாட்டில் ஓடுவது) நாலைந்து ஊடை நூல்களுக்கு (குறுக்கே ஓடுபவை) மேலால் தாண்டிப் போய், ஒன்றுக்குக் கீழே நுழையும். நூல் அப்படி நீளமாக மேலே கிடப்பதால்தான் அந்த மினுக்கம். வளையலில் மாட்டினால் இழைகள் இழுபடுவதும் அதனால்தான். துணியைத் திருப்பிப் பாருங்கள், மறுபக்கம் மங்கலாக இருக்கும். அதை வைத்து 'பட்டு இல்லை' என்று முடிவுகட்டிவிட வேண்டாம், பட்டுச் சாட்டினுக்கும் மறுபக்கம் அப்படித்தான்.

நூல் எதுவென்று அறிய நெருப்பு வேண்டும். ஓரத்திலிருந்து சில இழைகள் கேட்டு வாங்கி, வீட்டில் இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். (கடைக்குள்ளே வேண்டாம், முதலாளி பதறிப்போவார்.) பட்டு என்றால் முடி கருகின மணம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். கடதாசி எரிகிற மணம் என்றால் ரேயோன் என்ற செயற்கை நூல். 'ஆர்ட் சில்க்' என்று விற்பது பெரும்பாலும் அதுதான்; அங்கே 'ஆர்ட்' கலை அல்ல, 'ஆர்ட்டிபிஷல்' என்பதன் சுருக்கம். கலப்பு நூல் என்றால் இந்தச் சோதனையும் கொஞ்சம் குழப்பும்.

கொழும்பு வெக்கைக்கு இன்னொன்றும் யோசியுங்கள். பட்டு சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் 11 வீதமளவு ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். பொலியெஸ்டர் அரை வீதம்கூட இல்லை, வியர்வை உடம்போடு ஒட்டும். என்றாலும் வளர்கிற பிள்ளை, இரண்டு முறை உடுத்தினால் அதிகம். பொலியெஸ்டர் சாட்டினை எடுத்து உள்ளே பருத்தித் துணி வைத்துத் தைத்தால் போதும் என்பேன். பட்டு விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

பட்டுத்தான் வேண்டும் என்றால், 'தூய பட்டு' என்று பற்றுச்சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு தந்தே ஆக வேண்டும். பொய் சொல்லி விற்றிருந்தால் அந்த அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம். துணி வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்து மூல முறைப்பாட்டைக் கொடுத்துவிட வேண்டும். 'சில்க்' என்று வெறுமனே எழுதித் தந்தால் வாங்காதீர்கள், எந்த நூல் என்று திரும்பவும் கேளுங்கள்.