மலிவு மின்நூலை வாங்கலாமா?

கேள்வி: ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் சொற்பக் காசுக்கு மின்நூலாகக் கிடைக்கிறது. நம்பி வாங்கலாமா? பேரனுக்குச் சிறுவர் கதைகளும் வேண்டும்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: கொஞ்சம் பொறுங்கோ டீச்சர். கல்கி 1954இல் காலமானவர்; அவருடைய எழுத்துகள் தமிழ்நாட்டில் நாட்டுடைமையாகிவிட்டன. அதனால் ஆளாளுக்குப் பதிப்பிக்கிறார்கள். தமிழ் நூல்களை இலவச மின்நூலாக்க 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் அதே நாவலை இலவசமாகவே எடுக்கலாம்.

காசு கொடுப்பதென்றால் மாதிரிப் பக்கங்களை முதலில் வாசியுங்கள். ‘ர’ வர வேண்டிய இடத்தில் வெறும் துணைக்கால் (ா) நின்றால், ஸ்கேன் செய்ததைப் பிழை பார்க்காமல் ஏற்றியிருக்கிறார்கள். அச்சுப்பிழை திருத்தியே வயிறு வளர்த்தவன் நான், எனக்கு அதைப் பார்த்தாலே கை பரபரக்கும். ஈபப் (EPUB) என்ற மின்நூல் வடிவமா என்றும் பாருங்கள். அதில் எழுத்தைப் பெருப்பித்தால் வரிகள் தாமாக மடியும். பிடிஎப் என்றால் கைபேசியில் பக்கத்தை இடமும் வலமும் இழுத்தே களைத்துவிடுவீர்கள். நம்மவர், அதாவது இலங்கைத் தமிழர் புத்தகங்களுக்கு ‘நூலகம்’ என்ற இணையத்தளம் இருக்கிறது. பெரும்பாலும் ஸ்கேன் பக்கங்கள்தான், ஆகவே பெரிய திரையுள்ள டெப்பில் வாசிப்பது உத்தமம்.

பேரனுக்கு? பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம், வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலையில் பக்கத்துக்கு ஓரிரு வரிதான். கறுப்பு வெள்ளைக் கிண்டில் வாசிப்புக் கருவியில் மட்டும் காட்டாதீர்கள், படமெல்லாம் சாம்பலாகத் தெரியும்.