ஒரே பெயர், இரண்டு துறை, 833 மேற்கோள்

அன்புள்ள ஐயா,

எங்கள் கல்லூரித் தேர்வுக் குழுவுக்கு வந்த ஒரு விண்ணப்பத்தில் 14 கட்டுரைகள். 8 வானியற்பியல், 6 இசைத் தொழில்நுட்பம். கூகுள் ஸ்காலர் என்ற ஆய்வுத் தேடுதளத்தில் மொத்தம் 833 மேற்கோள் (மற்ற கட்டுரைகள் இவற்றைக் குறிப்பிட்ட எண்ணிக்கை), எச்-இண்டெக்ஸ் 9. "இரண்டு பேருடைய கட்டுரைகள் கலந்துவிட்டன" என்கிறார் குழுவில் ஒருவர். "இசை எல்லாம் வெறும் மாநாட்டுக் கட்டுரை, கணக்கில் வேண்டாம்" என்கிறார் இன்னொருவர். பட்டியலை இணைத்திருக்கிறேன். எப்படிப் பார்ப்பது?

எம்., மதுரை

அன்புள்ள எம்.,

துறை வேறாக இருப்பதாலேயே ஆளும் வேறாக இருக்கவேண்டியதில்லை. பல்சர் என்னும் துடிக்கும் விண்மீனின் துடிப்பு இடைவெளியைத் தேடுகிறவரும் ஒரு பாட்டின் தாள வேகத்தைக் கண்டுபிடிக்கிறவரும் கையில் எடுப்பது ஓர் அலையில் எது எவ்வளவு வேகத்தில் திரும்பத் திரும்ப வருகிறது என்று பிரித்துக் காட்டும் அதே ஃபூரியர் மாற்றத்தைத்தான். உண்மையான சிக்கல் நம் பெயர்களில் இருக்கிறது. எஸ். கார்த்திக் ஓர் இதழில் "கார்த்திக் எஸ்." ஆவார், இனிஷியலை விரித்தெழுதச் சொல்லும் இதழில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி "சுப்பிரமணியன் கே." ஆகிவிடுவார். ஸ்காலரில் கட்டுரைகள் தானாகச் சேரும்படி விட்டிருந்தால், அதே பெயருள்ள அடுத்தவர் கட்டுரையும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். எனவே 14 கட்டுரைகளின் முதல் பக்கத்தையும் திறந்து நிறுவனம், மின்னஞ்சல், ஆண்டு மூன்றும் விண்ணப்பத்தோடு ஒத்துப்போகின்றனவா பாருங்கள். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தரப்படும் 16 இலக்க ஆர்கிட் எண் கொடுத்திருந்தால் வேலை இன்னும் சுலபம்.

அடுத்து, பட்டியலை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டுரையும் வாங்கிய மேற்கோளை வரிசையாக எழுதுங்கள். வானியற்பியல்: 412, 160, 95, 40, 22, 15, 9, 6. இசை: 31, 18, 12, 7, 4, 2. இறங்குவரிசையில் எண்ணிக்கொண்டே வந்தால், மேற்கோள் எண்ணிக்கை வரிசை எண்ணைவிடக் குறையாத கடைசி இடம்தான் எச்-இண்டெக்ஸ், சுருக்கமாக எச். இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-ல் சொன்ன கணக்கு இவ்வளவுதான். வானியற்பியலில் 7 வருகிறது, இசையில் 4. சேர்த்தால் 11 அல்ல, 9. அந்த 9 இவருடைய எந்தத் துறையையும் குறிப்பதில்லை.

412 மேற்கோள் வாங்கிய கட்டுரையைக் கவனியுங்கள். அதன் ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல். ஈர்ப்பு அலை கண்டறிந்ததை அறிவித்த 2016 கட்டுரையும் அப்படித்தான். அதை "அபாட் முதலானோர்" என்று எல்லோரும் சொல்வது அகரவரிசையில் அவர் பெயர் முன்னால் வருவதால். அந்த ஒரு கட்டுரையை எடுத்துவிட்டால் 833 பாதியாகி 421-க்கு இறங்குகிறது, ஒட்டுமொத்த எச் மட்டும் 9-லிருந்து அசைவதில்லை. நாசாவின் ஏடிஎஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தேடுதளம் மேற்கோளை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்தும் காட்டும். அங்கே இந்த 412 ஒன்றைக்கூடத் தொடாது. ஆனால் இசைப் பகுதிக்கு ஏடிஎஸ்ஸை நம்பாதீர்கள். அது வானியலுக்கும் இயற்பியலுக்கும் கட்டப்பட்டது. இசை மாநாடுகளில் விழும் மேற்கோள்களில் பெரும்பகுதி அதன் கண்ணில் படாது.

மாநாடு பற்றிச் சொன்னவர் இயற்பியல்காரர் என்று நினைக்கிறேன். அவர்கள் துறையில் மாநாட்டுத் தொகுப்பு பெரும்பாலும் நடுவர் பார்வை இல்லாமலே வெளிவரும். இசைத் தொழில்நுட்பத்தில் நிலைமை தலைகீழ். 2000-ல் தொடங்கிய, அத்துறையின் முக்கியமான இஸ்மிர் மாநாட்டுக்கு முழுக் கட்டுரையை அனுப்பவேண்டும். ஆசிரியர் பெயர் தெரியாமலே நடுவர்கள் படிப்பார்கள், நிராகரிப்பும் சகஜம். அந்தச் சமூகத்துக்கென்று சொந்த ஆய்விதழ் 2018-ல்தான் வந்தது. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் சென்னை ஐஐடியோடு சேர்ந்து கர்நாடக இசையில் செய்த காம்ப்மியூசிக் என்ற திட்டத்தின் ஆய்வுகளில் பல இஸ்மிரில்தான் வெளியாயின. "மாநாடு" என்ற சொல்லைப் பார்த்து அவற்றையெல்லாம் தள்ளினால், அந்தத் துறையையே தள்ளியதாகிவிடும்.

அதற்காக இசையின் 31-ஐ வானியற்பியலின் 160-க்குப் பக்கத்தில் வைக்கவும் கூடாது. இரண்டு துறைகளிலும் கட்டுரை எழுதுகிறவர்களின் எண்ணிக்கை வேறு. அதே ஆண்டில், அதே மாநாட்டில் வந்த மற்ற கட்டுரைகள் எத்தனை மேற்கோள் வாங்கின என்று பத்துக் கட்டுரைகளாவது எடுத்துப் பாருங்கள்.

ஒலித்தரவுத் தொகுப்பு ஏதாவது வெளியிட்டிருக்கிறாரா என்றும் கேளுங்கள். ஆய்வுத் தரவுகளை வைக்கும் செனோடோ தளத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி டிஓஐ (நிலையான அடையாள எண்), எல்லாவற்றுக்கும் பொதுவாக இன்னொன்று என்று தருவார்கள். ஆளுக்கொன்றைக் குறிப்பிடுவதால் மேற்கோள் சிதறிப்போகும்.

உங்கள் பட்டியலில் அந்த 31-ஐ ஒட்டி ஒரு நட்சத்திரக் குறி இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகளின் மேற்கோளை அங்கே கூட்டியிருக்கிறார்கள் என்று பொருள். சொடுக்கிப் பாருங்கள். ஆர்க்கைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் முன்கூட்டி வெளியிட்ட வரைவும் மாநாட்டு வடிவமும் ஒன்றாகியிருந்தால் தவறில்லை. வேறு கட்டுரை ஒட்டிக்கொண்டிருந்தால் அதைக் கழித்துவிடுங்கள். 31 பாதியானாலும் இசையின் எச் 4-லேயே நிற்கும்.