மாலை கழட்டின அன்னைக்கே குடிச்சிட்டார், இப்ப என்ன பண்றது?

முழுசா விட்டாத்தான் சிகிச்சைன்னு நிக்காம, குடியாலயும் போதையாலயும் வர்ற ஆபத்தை முதல்ல குறைக்கிற ஆலோசனை முறை பத்தி நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்காரங்க கேட்டதும், போதை மீட்பு ஆலோசகரா நான் சொன்னதும்.

பென்னாகரம்: மேடம், வீட்டுக்காரர் கட்டட வேலை. தினம் ரெண்டு குவார்ட்டர். "விட முடியாது, ஒண்ணா குறைச்சுக்கறேன்"ங்கறார். ஆலோசகரும் சரின்னுட்டாராம். இது குடிக்க லைசென்ஸ் குடுத்த மாதிரி இல்லையா?

கோபம் நியாயம்தான்மா. ஆனா கணக்கைப் பாருங்க. 180 மில்லி பாட்டில்ல 42.8 சதவீதம் ஆல்கஹால். அதாவது ஒரு குவார்ட்டருக்கு சுமார் 60 கிராம். உலக சுகாதார நிறுவனத்தோட அளவுகோல்ல, ஆம்பளைங்க நாளைக்கு 100 கிராம் தாண்டினா "மிக அதிக ஆபத்து". உங்க வீட்டுக்காரர் இப்ப 120-ல நிக்கிறார். ஒரு குவார்ட்டரும் நல்லதில்லதான், ஆனா அந்த உச்சியிலிருந்து இறங்கிடுவார். சத்தியம் பண்ணினாத்தான் பேசுவேன்னு நான் சொன்னா, அடுத்த வாரம் வரவே மாட்டார். வந்து உக்காந்தாத்தானே எப்ப, யார் கூட, எதுக்காகக் குடிக்கிறார்னு பேச முடியும்? சம்பளம் வாங்கின சனிக்கிழமையா, தூக்கம் வராத ராத்திரியான்னு அவரே நோட்டுல எழுதிட்டு வரட்டும். பாதிப் பேரு அந்த நோட்டைப் பாத்துத்தான் யோசிக்கவே ஆரம்பிக்கிறாங்க.

ஒரே நாள்ல பாதியாக்க வேண்டாம், டாக்டர் சொல்ற மாதிரி படிப்படியா. கல்லீரல் கெட்டிருந்தா இந்தப் பேரமே கிடையாது, முழுசா நிறுத்தித்தான் ஆகணும்.

அரூர்: அண்ணன் வருஷா வருஷம் ஐயப்பனுக்கு மாலை போட்டு நிறுத்துவார். போன தடவை மூணாம் நாள் கை நடுங்கி, இல்லாத ஆளோட பேசினார். சாமி வந்துருச்சுன்னாங்க. மாலை கழட்டின அன்னைக்கே திரும்பக் குடிச்சிட்டார்.

அது சாமி இல்லைங்க. தினமும் நிறையக் குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா முதல் ரெண்டு நாள்ல வலிப்பு வரலாம், ரெண்டு நாளுக்கு மேல புத்தி குழம்பலாம். கவனிக்காம விட்டா உசுரே போகும். அடுத்த தடவை மாலை போடறதுக்கு முன்னாடியே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைல மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. நடுக்கத்துக்கு மாத்திரை, வைட்டமின் பி1 ஊசி எல்லாம் தருவாங்க. வெறும் குளுக்கோஸ் ஏத்தினா போதும்னு நினைக்காதீங்க.

திரும்பக் குடிச்சதுக்கு வர்றேன். ஒரு டம்ளர் உள்ள போனதும் "விரதமே போச்சு, இனி என்ன"ன்னு முழு பாட்டிலையும் முடிக்கிற மனசு இருக்கே, அதை அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் விரிவா ஆராய்ஞ்சிருக்கார். பெரிய கேடு அந்த முதல் டம்ளர் இல்ல, அதுக்குப் பின்னாடி வர்ற குற்ற உணர்ச்சி. வீட்ல எல்லாரும் சேர்ந்து காறித் துப்பினா அது இன்னும் கூடும். "ரெண்டாவது டம்ளருக்கு முன்னாடி யாருக்குப் போன் பண்ணுவீங்க?"ன்னு தெளிவா இருக்கறப்பவே கேட்டு வைங்க.

பாலக்கோடு: குடியை நிறுத்த, பையனுக்குத் தெரியாம சாம்பார்ல கலக்க மாத்திரை இருக்காமே?

கலக்காதீங்கம்மா! நீங்க சொல்ற மாத்திரை டைசல்பிராம். அது உள்ள போன உடம்புல சரக்கு பட்டா வாந்தி, படபடப்பு வரும், பிரஷர் சரியும், செத்தே போகலாம். கடைசி மாத்திரைக்கு ரெண்டு வாரம் கழிச்சும் இது நடக்கும். அவருக்குத் தெரிஞ்சு, அவர் ஒத்துக்கிட்டு, டாக்டர் சொன்னா மட்டும்தான்.

ஓசூர் சிப்காட்: வாரத்துல ஒரு நாள்தான் சார் குடிக்கிறோம், கர்நாடகா எல்லையில இருக்கற அத்திப்பள்ளி போய். எங்களுக்கும் கவுன்சலிங்கா?

சார் இல்லை, மேடம். உங்க பெரிய ஆபத்து கல்லீரல்ல இல்ல தம்பி, திரும்பி வர்ற ரோட்ல. பைக்கை ஓசூர்லயே விட்டுட்டு பஸ்ல போங்க. சாப்பிட்டுட்டு ஆரம்பிங்க.

கிருஷ்ணகிரி: தம்பி வலி மாத்திரையைக் கரைச்சு ஊசி போட்டுக்கறான். திட்டினா ஓடிடறான்.

திட்டறதை நிறுத்துங்க, ஓடினா தனியா போட்டுக்குவான். ஊசியை யார்கிட்டயும் பகிரக் கூடாதுன்னு இன்னைக்கே சொல்லுங்க, எச்.ஐ.வி, மஞ்சள் காமாலைக் கிருமியெல்லாம் அதுல பரவும். இந்த வகைப் போதைக்கு நாக்குக்கடியில வைக்கிற பியூப்ரினார்பின் மாத்திரை சிகிச்சை இருக்கு. எங்க போறதுன்னு 14446-ல கேளுங்க, இலவசம். எழுப்பியும் எழாம மூச்சு மெதுவா இழுத்தா ஒருக்களிச்சுப் படுக்க வச்சிட்டு உடனே 108. என்ன போட்டான்னு வர்றவங்ககிட்ட மறைக்காம சொல்லுங்க.